ஃபிரிட்ஜுக்குள் பைக் சாவி

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பாடத்திட்டத்தைப் புரட்டினால் ஆடியோ ஒரு பேப்பர், வீடியோ ஒரு பேப்பர் என்று தனித்தனியாக இருக்கும். ஒரு செமஸ்டரில் மைக் வகைகள், இன்னொரு செமஸ்டரில் லென்ஸ் வகைகள். தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாமே தனித்தனிப் பட்டப்படிப்பு, 4 வருடம். ஆழமாகப் படிக்க அதுதான் வழி, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மாணவர் படங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பேப்பர்களுக்கு நடுவில் இருக்கும் சந்தில்தான். கேமரா மெனுவில் ஒருத்தர் மாற்றிய ஒரு செட்டிங்கால் எடிட்டில் உதடும் பேச்சும் விலகும். லைட்டை ஒரு அடி தள்ளி வைத்ததால், மைக்கை நீட்டிப் பிடிக்கும் பூம் ராட் உள்ளே வர முடியாமல் போகும். காஸ்ட்யூம் எடுத்த புடவையால், உடைக்குள் ஒட்டும் லேப்பல் மைக் முழுக்கச் சரசரக்கும்.

அதனால் உபகரணப் பட்டியலாக எழுதாமல் ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன். திருவான்மியூரில் இரண்டாவது மாடி ஃபிளாட். ஹாலும் அதை ஒட்டிய சமையலறையும். அம்மா, மகன், 3 நிமிடப் பேச்சு. கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, ஒரு பூம் மைக், இரண்டு வயர்லெஸ் லேப்பல், ஒரு ரெக்கார்டர். இறுதியாண்டுப் படங்களில் பாதிக்கு மேல் இப்படி ஒரு ஹால் காட்சி இருக்கும்.

லொக்கேஷன் பார்க்கப் போகும்போது எல்லோரும் போனில் ஃபிரேம் வைத்துப் பார்ப்பார்கள். சவுண்ட் செய்யப்போகிறவர் ஹாலின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு 5 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். ஷூட்டிங் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில். ஞாயிறு காலை 7 மணிக்கு அமைதியாக இருந்த தெரு செவ்வாய் 11 மணிக்கு வேறு தெரு. சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார், மேல் வீட்டு கிரைண்டர், ஸ்பீக்கர் கட்டிய காய்கறி வண்டி, பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கிற மெஷின், பறக்கும் ரயில், ஆடி மாதமென்றால் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். நங்கநல்லூர், பல்லாவரம் பக்கம் வீடு பார்த்தால் தலைக்கு மேல் விமானம். காக்காயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது எல்லா டேக்கிலும் கத்தும், பார்க்கிறவருக்கும் உறுத்தாது. பிரச்சினை, ஒரு ஷாட்டில் இருந்து அடுத்த ஷாட்டில் இல்லாமல் போகும் சத்தம். மோட்டார் அந்த ரகம். வாட்ச்மேனிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். “அண்ணா, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க? பத்து மணிக்குள்ள டேங்க் ரொப்பிட முடியுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் நடக்கும்.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. இதை கேமராமேன் தனியாக முடிவு செய்யக்கூடாது. எடிட்டரும் சவுண்டும் கூட உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றுகூடச் சொல்வேன். பல கேமராக்களின் மெனுவில் 24 என்று காட்டுவது உண்மையில் 23.976. அதை எடிட்டில் 24 என்று எடுத்துக்கொண்டால் படம் 0.1 சதவீதம் வேகமாக ஓடும், சத்தம் பழைய வேகத்திலேயே நிற்கும். 0.1 சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள்: ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு ஃபிரேம். நம்முடைய 3 நிமிட டேக்கின் முடிவில் 4 ஃபிரேம் விலகியிருக்கும், அதாவது 170 மில்லி நொடிக்கு மேல். சத்தம் 125 மில்லி நொடி பின்தங்கினாலே கண்ணும் காதும் கண்டுபிடித்துவிடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ. வகுத்த அளவு. முன்னால் வந்தால் இன்னும் மோசம், 45 மில்லி நொடியிலேயே தெரியும். இடி எப்போதும் மின்னலுக்குப் பின்னால்தான் வரும். தாமதத்துக்கு நம் மூளை பழகியிருக்கிறது, முந்துவதற்குப் பழகவில்லை.

கேமராவில் சரியான 24 இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டி.சி.பி.க்கும் அதுதான் வசதி. இல்லையென்றால் எல்லா கேமராவும் 23.976-லேயே எடுத்து, எடிட்டும் 23.976-லேயே செய்து, கடைசியில் படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே 24-க்கு மாற்றுங்கள். இரண்டாவது கேமராவாக போனை வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல போன்களின் சாதாரண கேமரா ஆப்பில் ஃபிரேம் ரேட் நிலையாக நிற்காது, வெளிச்சத்தைப் பார்த்து ஏறி இறங்கும். ஃபிரேம் ரேட்டைப் பூட்டி வைக்கும் ஆப்பில் எடுங்கள்.

ஆடியோ பக்கம் 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். பாட்டுக்குப் பயன்படுத்திய ரெக்கார்டரை யாரிடமாவது வாங்கி வந்தால் அது 44.1-இல் கிடக்கும். அந்த ஃபைலை 48 என்று நினைத்து மென்பொருள் ஓட்டிவிட்டால் பேச்சு 8.8 சதவீதம் வேகமாகி, ஸ்ருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் (செமிடோன்) மேலே போகும். அம்மா திடீரென்று கல்லூரிப் பெண்ணாகிவிடுவார்.

ஷட்டர் விஷயத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சோக் வைத்த ட்யூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். 1/50 ஷட்டரில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு விழும், ஃப்ளிக்கர் தெரியாது. ஷட்டரைக் கோணக் கணக்கில் காட்டும் கேமரா என்றால் 24 ஃபிரேமுக்கு 172.8 டிகிரி. அமெரிக்க யூடியூப் பாடத்தைப் பார்த்து 1/60 வைத்தால் சுவரில் பட்டை பட்டையாக நகரும். 120 ஃபிரேமில் ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் வீட்டு லைட்டை மறந்துவிடுங்கள். அங்கே ஷட்டர் 1/120-ஐத் தாண்டித் திறந்திருக்க முடியாது, ஒரு முழுத் துடிப்பு அதற்குள் அடங்காது. வெயிலில் எடுங்கள், அல்லது ஃப்ளிக்கர் இல்லாத சினிமா லைட்டை வாடகைக்கு எடுங்கள். ஹாலில் இன்னொரு பொறி: ஃபேனுக்கு மேலே லைட் இருந்தால் றெக்கை அதை வெட்டி வெட்டி முகத்தில் நிழல் ஓடும். மானிட்டரில் கண்ணில் படாது, பெரிய திரையில் தலைவலி.

பால்கனியில் ஒரு ஷாட் இருந்தால், லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் இல்லாமல் போகாதீர்கள். நடுப்பகல் வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/100 என்பது பழைய மனக்கணக்கு. லாக்கில் (பின்னால் நிறம் திருத்துவதற்காக மங்கலாகப் பதியும் முறை) எடுக்க ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 1/50, லென்ஸ் எஃப் 2.8 என்று வைத்தால் மூன்றும் ஒன்றும் ஐந்துமாக 9 ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதாவது என்.டி. 2.7. மலிவான வேரியபிள் என்.டி.யை அவ்வளவு தூரம் திருகினால் ஃபிரேமில் ஒரு பெரிய பெருக்கல் குறி விழும். 8 பிட் கேமராவில் லாக் எடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை, டி.ஐ.யில், அதாவது நிறத் திருத்தத்தில், இழுக்கும்போது வானம் படிக்கட்டு படிக்கட்டாகப் பிரிந்துவிடும். படம் பற்றி இவ்வளவு போதும், மீதியை யூடியூபே சொல்லித்தருகிறது.

ஷூட்டிங் நாள். முதல் வேலை ஃபிரிட்ஜ். கம்ப்ரசர் ஓடும் டேக்கும் ஓடாத டேக்கும் எடிட்டில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தையல் தெரியும். அணைத்துவிட வேண்டும். அணைத்தவர் தன் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் சாவியைத் தேடித் திறப்பார், உள்ளே விளக்கு எரியாததைப் பார்த்ததும் ஸ்விட்ச் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் மறுநாள் வீட்டுக்கார அம்மாவின் இட்லி மாவு புளித்துப் பொங்கி நிற்கும், அந்த வீடு அடுத்த பேட்ச்சுக்குக் கிடைக்காது. ஏ.சி., எக்ஸாஸ்ட், மீன்தொட்டி மோட்டார், கடிகாரம் எல்லாம் இதே பட்டியலில். இன்வெர்ட்டரை மறக்க வேண்டாம்: கரன்ட் போனால் அது உறுமத் தொடங்கும்.

ஃபேன்தான் பெரிய சண்டை. மே மாதம் லைட்டுக்குக் கீழே ஃபேன் இல்லாமல் நடிக்கச் சொல்வது கொடுமைதான். ஆனால் ஃபேன் சத்தத்தை “போஸ்ட்ல எடுத்துக்கலாம்” என்று விடுவது அதைவிடக் கொடுமை. வோல்டேஜ் ஏறி இறங்க ஃபேனின் வேகமும் சத்தமும் மாறும், ஒரே அளவில் நிற்காது. நாய்ஸ் ரிடக்‌ஷன் பிளக்இன் அதைத் துரத்தித் துரத்தி வெட்டும்போது பேச்சும் கூடவே நைந்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். நடைமுறை வழி இதுதான். ரிகர்சலுக்கும் லைட்டிங்குக்கும் ஃபேன் ஓடட்டும். “சைலன்ஸ்” சொல்லும்போது ஒருத்தர் ஸ்விட்சில் நிற்கட்டும். றெக்கை முழுக்க நிற்க அரை நிமிடம் ஆகும், அதுவரை ரோல் பண்ண வேண்டாம். ஃபேன் சுற்றுவது ஃபிரேமில் தெரியும் வைடு ஷாட்டை மட்டும் ஃபேனோடு எடுத்துவிட்டு, முடிந்த கையோடு ஃபேனை அணைத்து, கேமரா இல்லாமல் அதே வசனத்தை அதே வேகத்தில் 3 தடவை பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். இதற்கு வைல்டு டிராக் என்று பெயர். வைடில் உதடு சின்னதாகத்தான் தெரியும். சுடச்சுடப் பேசிய வைல்டு டிராக் அழகாக உட்காரும். ஒரு மாதம் கழித்து டப்பிங்கில் அந்த மூச்சு வராது.

இனி அறை. நம் ஃபிளாட் ஹால் என்பது தரையில் டைல்ஸ், நாலு பக்கம் பூசிய சுவர், திரை இல்லாத கண்ணாடி ஜன்னல். கைதட்டினால் ‘டிங்’ என்று திரும்பி வரும். ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் தரை முழுக்க ஜமுக்காளம், கேமராவுக்குப் பின்னால் சுவரில் தடித்த போர்வை, ஸ்டாண்டில் தொங்கும் மெத்தை. சுவரில் ஒட்டுகிற மெல்லிய ஃபோம் ஷீட்டுகள் ஸ் ஸ் என்ற மேல் சத்தத்தை மட்டும் விழுங்கும், ஆண் குரலின் முழக்கத்தை ஒன்றும் செய்யாது. வீட்டில் இருக்கும் பஞ்சு மெத்தை அவற்றைவிட நல்லது, செலவும் இல்லை.

பூமுக்கு எல்லோரும் கேட்பது ஷாட்கன் மைக். வெளியில் அது ராஜா. இப்படிப்பட்ட ஹாலுக்குள் அதன் பலமே பலவீனம். ஷாட்கன், பக்கவாட்டிலிருந்து வரும் சத்தத்தைக் குழாயில் உள்ள துளைகள் வழியாக வெவ்வேறு நேரத்தில் உள்ளே விட்டு ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ள வைக்கிறது. சின்ன அறையில் நடிகரின் குரலே சுவரில் பட்டுப் பக்கவாட்டிலிருந்து திரும்ப வருவதால் அந்தக் குரலும் கொஞ்சம் அடிபட்டு, டப்பாவுக்குள் பேசுவது போலக் கேட்கும். உள்ளே, இந்தத் துளைக் குழாய் இல்லாத ஹைப்பர் கார்டியாய்டு மைக் நல்லது. கல்லூரி ஸ்டோரில் ஷாட்கன் மட்டும்தான் இருக்கிறது என்றால் தொலைவைக் குறைப்பது ஒன்றே வழி.

தொலைவு பற்றிய கணக்கைச் சவுண்ட் டிப்பார்ட்மென்ட் சுவரில் எழுதி வைக்கலாம். தொலைவு இரட்டித்தால் நேராக வரும் குரல் 6 டெசிபல் விழும். கேமரா மேல் வைத்த மைக் நடிகரிடமிருந்து 2 மீட்டர், பூம் 50 சென்டிமீட்டர் என்றால் வித்தியாசம் 12 டெசிபல். அறையின் எதிரொலியும் தெருச் சத்தமும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆக, ராடை நீட்டினாலே 12 டெசிபல் சுத்தம் கிடைக்கிறது. அந்த அளவுக்குப் பேச்சைக் கெடுக்காமல் சுத்தம் செய்யும் பிளக்இன் இன்னும் வரவில்லை.

பூம் தலைக்கு மேலிருந்து, நெற்றியைப் பார்க்காமல் மேல் நெஞ்சைப் பார்த்து வர வேண்டும். ராடை ஒரேயடியாக மேலே தூக்கினால் சீலிங்கில் மோதித் திரும்பும் சத்தம் மைக்கின் முதுகில் விழும். முக்கிய வெளிச்சமான கீ லைட் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பூமை நுழைத்தால் நிழல் சுவரில் விழாமல் ஃபிரேமுக்கு வெளியே போகும். இதற்காகத்தான் லைட் வைப்பதற்கு முன்பே சவுண்ட் ஆள் அங்கே நிற்க வேண்டும் என்கிறேன். லைட் வைத்து முடித்த பிறகு வந்து “அண்ணா, இதைக் கொஞ்சம் நகர்த்துங்க” என்றால் லைட்மேனுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

லேப்பலில் சென்னைக்கான எதிரி வியர்வை. டிரான்ஸ்மிட்டரை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் கட்டுங்கள். மைக்கை மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் பிளாஸ்திரியால், நெஞ்செலும்பின் நடுவே, துணியின் உள்பக்கம் ஒட்டுங்கள். மைக்கின் வாயில் வியர்வைத் துளி உட்கார்ந்தால் குரல் மூக்கடைத்தது போல மங்கும், இரண்டு டேக்குக்கு ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். துணி விஷயம் காஸ்ட்யூம் ஆளுக்கு முன்கூட்டியே போகவேண்டும். கஞ்சி போட்ட காட்டன் புடவை ஒவ்வொரு மூச்சுக்கும் சரசரக்கும், பட்டும் அப்படியே, பாலியஸ்டர் அதைவிட மோசம். நாலு தடவை துவைத்த காட்டன்தான் சவுண்டுக்குப் பிடித்த துணி. தாலிச் செயின் மைக்கில் தட்டும். செயினை உள்ளே இரண்டு இடத்தில் பிளாஸ்திரி போட்டு அடக்குங்கள். கண்ணாடி வளையல் ஃபிரேமில் தெரியாத ஷாட்டில் கழற்றச் சொல்லிவிட்டு, அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

மாணவர்கள் கையில் இருக்கும் வயர்லெஸ் செட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ். அபார்ட்மென்டில் வீட்டுக்கு வீடு வைஃபை அதே அலைவரிசையில். மனித உடம்பு இந்த அலையை நன்றாகத் தடுக்கும்: டிரான்ஸ்மிட்டர் முதுகுப்பக்கம், ரிசீவர் கேமரா மேல், நடிகர் கேமராவைப் பார்த்து நிற்கிறார் என்றால் நடுவில் ஒரு முழு ஆள். அங்கேதான் ‘டப் டப்’ என்று அறுபடும். ரிசீவரை டிரான்ஸ்மிட்டருக்கு நேர் பார்வையில் எங்காவது வையுங்கள், யூனிட் ஆட்களின் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள்.

லெவல்: சாதாரணப் பேச்சு மீட்டரில் மைனஸ் 20-ஐச் சுற்றி, கத்தும் இடம் மைனஸ் 10-ஐத் தாண்டாமல். ரிகர்சலில் நடிகர் பாதிக் குரலில்தான் பேசுவார், டேக்கில் ஏறும். அதற்கு 6 டெசிபல் இடம் விடுங்கள். கேமராவில் ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ கெய்னை அணையுங்கள், இல்லாவிட்டால் வசன இடைவெளிகளில் தெருவே எழுந்து வரும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வந்த பிறகு லெவலே பார்க்க வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது காப்பாற்றுவது ரெக்கார்டருக்குள் நடப்பதை மட்டும். லேப்பல் டிரான்ஸ்மிட்டரிலேயே உடைந்து வந்த குரலை எந்த ஃப்ளோட்டும் ஒட்டவைக்காது.

கேபிள்களைப் பற்றிக் கொஞ்சம். எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரில் 1-வது பின் ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கனெக்டர் வாங்கி நீங்களே சால்டர் செய்யும்போது ஒரு முனையில் 2-ம் 3-ம் இடம் மாறினால், அந்த மைக்கைத் தனியாகக் கேட்கையில் ஒன்றும் தெரியாது. லேப்பலோடு கலக்கும்போதுதான் குரல் அடிவயிறு இல்லாமல் மெலிந்து போகும். மிக்ஸிங்கில் போய்த் தேடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். முழங்கையில் சுற்றி மடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளே கம்பி முறுக்கேறி ஆறு மாதத்தில் அறுந்துவிடும். ரெக்கார்டரை பேட்டரியிலேயே ஓட்டுங்கள். கரன்ட்டில் செருகிய லேப்டாப்போடு இணைத்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அதன் 100, 150 அடுக்குகளும் வந்து உட்காரும்.

ஈரப்பதம் இன்னொன்று. இரவு முழுக்க ஏ.சி. அறையில் இருந்த லென்ஸையும் கண்டென்சர் மைக்கையும் நேராக பால்கனிக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி பனிக்கும், மைக்கின் உள்ளேயும் அதேதான் நடக்கும். பொரிகிற மாதிரி ‘பட் பட்’ என்று கேட்கும். பையைத் திறக்காமலே அரை மணி நேரம் வெளியில் வைத்துப் பழக்குங்கள், உள்ளே சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். சென்ஹைசர் 416 கடலோரத்திலும் தாங்குவதற்குக் காரணம் அது வேலை செய்யும் முறை. உள்ளே ரேடியோ அதிர்வெண் சுற்று இருக்கிறது, கேப்ஸ்யூலில் அதிக வோல்டேஜ் நிற்க வேண்டிய தேவையில்லை. அதனால் ஈரம் பட்டாலும் சீக்கிரம் பொரியாது.

கிளாப் அடிக்கும் விதத்தைப் பார்த்தாலே யூனிட்டின் தரம் தெரிந்துவிடும். கிளாப் ஃபோகஸில், முழுக்க ஃபிரேமுக்குள், பூம் அதன் பக்கம் திரும்பியிருக்க, சீன், ஷாட், டேக் எண்ணைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு தட்டு. தட்டிய பிறகு கட்டையை மறுபடி திறக்கக்கூடாது. முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் க்ளோஸப்பில் அடிக்கும்போது மெதுவாகத் தட்டினால் போதும், நடிகரின் கண் மிரளாது. தொடக்கத்தில் அடிக்க முடியாத ஷாட்டில் கடைசியில் தலைகீழாகப் பிடித்து அடியுங்கள். சத்தம் இல்லாத ஷாட் என்றால் கட்டைக்கு நடுவில் விரலை வைத்துக் காட்டுங்கள். எடிட்டர் இல்லாத ஃபைலைத் தேடி அலைய மாட்டார். சவுண்ட் ரிப்போர்ட் என்பது ஒரு சின்ன நோட்டுதான்: ஃபைல் எண், டேக், எந்த டிராக்கில் யார், “டேக் 3: இரண்டாவது வசனத்தில் ஹாரன்”. அந்த ஒரு வரி எடிட்டருக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பேக்கப் சொல்வதற்கு முன் ரூம் டோன், அதாவது யாரும் பேசாத அறையின் சத்தம், 60 நொடி. எல்லோரும் இருந்த இடத்திலேயே நிற்க, லைட் எரிய, ஃபேன் அணைந்திருக்க, பூம் அதே இடத்தில். எல்லோருக்கும் பசி, யாருக்கும் பொறுமை இருக்காது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கூடவே ஒரு பலூனை உடைத்து அந்த எதிரொலியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். டப்பிங் வேண்டிவந்தால் அந்த ஹாலைப் பிளக்இன்னுக்குள் கொண்டுவர அது உதவும்.

மாலையில் கார்டுகளை ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுக்கும் வேலை. 100 மெகாபிட் வீடியோ மணிக்கு 45 ஜிபி. இரண்டு டிராக் ஆடியோ மணிக்கு 1 ஜிபி சொச்சம்தான். ஆடியோ கார்டை அழிக்க ஒரு காரணமும் இல்லை, செமஸ்டர் முடியும்வரை அப்படியே வைத்திருங்கள்.

நம் ஊரில் பைலட் டிராக் (வழிகாட்டிக்காக மட்டும் ஸ்பாட்டில் பதியும் பேச்சு) எடுத்துவிட்டு எல்லாவற்றையும் டப்பிங்கில் பேசும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு பெரிய காரணம் கேமராவின் இரைச்சல். ஆரி 2சி போன்ற கையடக்க ஃபிலிம் கேமராக்கள் அவுட்டோருக்குப் படத்தைக் கொண்டுபோயின, ஆனால் தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டன. அந்தக் கேமரா போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. டப்பிங் மட்டமான வழி என்று நான் நினைக்கவில்லை. மட்டமாகச் செய்யப்படும் வழி. பூத்தில் பெரிய ஸ்டூடியோ மைக்கை வாயருகே வைத்து ரேடியோ விளம்பரம் போலப் பேசவைப்பதுதான் தவறு. ஸ்பாட்டில் பயன்படுத்திய அதே பூம் மைக்கை, தலைக்கு மேல், 45 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். காட்சியில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசுகிறார் என்றால் பூத்திலும் கை அசைய வேண்டும், குனிந்து நின்று பேச வேண்டும்.

வசனத்தை மாற்ற வேண்டியிருந்தால் உதடு மூடும் எழுத்துகளைப் பாருங்கள். ப, ம இரண்டுக்கும் இரண்டு உதடும் ஒட்டும். வ-வுக்குக் கீழுதடு மேற்பல்லைத் தொடும். ஒ, உ வந்தால் உதடு குவியும். க, த, ர, ழ எல்லாம் வாய்க்குள்ளேயே நடக்கிற காரியம், வெளியில் அவ்வளவாகத் தெரியாது. ஸ்பாட்டில் “அப்பா வரமாட்டார்” என்று பேசியதை “அம்மா வரமாட்டாங்க” என்று மாற்றலாம், முதல் சொல்லில் உதடு அதே இடத்தில் மூடும். “அண்ணன் வரமாட்டான்” என்றால் மூடிய உதட்டில் ‘ண்’ கேட்கும், உடனே உறுத்தும்.

எடிட் லாக் ஆனபிறகு, அதாவது இனி வெட்டு இல்லை என்று முடிவானபிறகு, சவுண்டுக்குப் போவது இரண்டு பொருள்: கைப்பிடியாக ஒவ்வொரு பக்கமும் சில நொடி மிச்சம் வைத்த ஏ.ஏ.எஃப். (எடிட்டில் உள்ள ஆடியோ துண்டுகளை இடம் மாறாமல் கொண்டுபோகும் ஃபைல்), டைம்கோடு (ஃபிரேம் வாரியான நேர எண்) படத்தின் மேலேயே பதித்த ஒரு வீடியோ. இரண்டிலும் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 நொடி முன்பு ஒரு ஃபிரேம் நீள ‘பிப்’. படம் 01:00:00:00-இல் தொடங்கினால் பிப் 00:59:58:00-இல். இதை விட்டுவிட்டு மெயிலில் “சிங்க் கரெக்டா இருக்கு ப்ரோ” என்று எழுதுவது பயனில்லை. லாக் ஆனபிறகு இயக்குநர் ஒரு ஷாட்டில் 6 ஃபிரேம் வெட்டினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை டிராக்கும் நகரும், எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும்.

ஆம்பியன்ஸுக்கு, அதாவது சுற்றுப்புறச் சத்தத்துக்கு, இணைய லைப்ரரியை நம்பினால் திருவான்மியூர் ஜன்னலுக்கு வெளியே வெளிநாட்டுப் போலீஸ் சைரன் போகும், பெயர் தெரியாத பறவை பாடும். ரெக்கார்டரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் காலை 6, மதியம் 2, இரவு 10 மணிக்கு 3 நிமிடம் பதிவு செய்தால் நம் தெரு கிடைத்துவிடும். குயில் கோடையில்தான் அதிகம் கூவும். மார்கழிக் காட்சியில் அதைப் போட்டால் ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, வந்து சேர்ந்ததும் இதையெல்லாம் முழுக்க மூடிவிடும் ஆசை வரும். பேச்சு நடக்கும் இடத்தில் இசையை 3 டெசிபல் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கே வசனம் அப்போதுதான் முதல் தடவையாகப் புரியும்.

மிக்ஸைச் சினிமா தியேட்டர் அளவில் செய்தால் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சல் மைனஸ் 20-இல் ஓடும்போது ஒவ்வொரு முன் ஸ்பீக்கரும் 85 டெசிபல் தரவேண்டும் என்பது வழக்கம். கல்லூரி எடிட் சூட் போன்ற சின்ன அறையில் அது காதைக் கிழிக்கும், 79-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். முக்கியம் அந்த வால்யூம் குமிழை அதன்பின் தொடாமல் இருப்பது. இணையத்துக்கு ஏற்றும் பிரதியைத் தனியாகச் செய்யுங்கள்: யூடியூப் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்.ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அளவு) மேல் இருப்பதை இறக்கிவிடும். நெட்ஃப்ளிக்ஸ் பேச்சையே அளவுகோலாக வைத்து மைனஸ் 27 கேட்கிறது.

திரையிடல் நாளில் கல்லூரி ஆடிட்டோரியத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். பல இடங்களில் இடது சானல் மட்டும்தான் இணைத்திருப்பார்கள், அல்லது இரண்டையும் ஒன்றாக்கி மோனோ ஆக்கியிருப்பார்கள். ஸ்டீரியோவை அகலப்படுத்தும் பிளக்இன்னைப் பேச்சில் போட்டிருந்தால் மோனோவில் குரல் காணாமல் போகும். ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் சத்தம் பின்தங்கும், வயர் கேட்டு வாங்குங்கள். புரொஜெக்டர் படத்தைத் தாமதப்படுத்தினால் சத்தம் முந்தும், அது இன்னும் சீக்கிரம் தெரியும். கடைசி வரிசை திரையிலிருந்து 15 மீட்டர் என்றால் அங்கே சத்தம் போய்ச் சேரவே ஒரு ஃபிரேம் ஆகும், அதனால் சிங்க் பார்க்க நடு வரிசையில் உட்காருங்கள். கிளாப் அடிக்கும் ஒரு ஷாட்டைப் பென்டிரைவில் தனியாகக் கொண்டுபோய் அதைத்தான் முதலில் ஓட்டவேண்டும். கட்டை மூடும் ஃபிரேமும் ‘டக்’ சத்தமும் சேரும்வரை ஆம்ப்ளிஃபயரின் டிலே மெனுவைத் திருகிக்கொண்டிருங்கள்.